பேர் வெட்டின தூக்கு

எங்கள் தெருவில் தாட்சாயிணியைப் பார்த்துப் பயப்படாத ஆள் நான் ஒருத்திதான். தண்ணி லாரி ஓட்டும் அவள் புருஷன் லட்சுமணன்கூட, அவளுடைய மாவு மில் வாசலில் லாரியை நிறுத்தினால் ஹாரன் அடிக்க மாட்டார். அப்படிப்பட்ட வாய் அவளுக்கு. அவளே பயந்து நடுங்கி நான் பார்த்தது ஒரே ஒரு நாள்தான். அதைச் சொல்லாமல் அவளைப் பற்றி என்ன சொன்னாலும் அரைகுறையாகத்தான் இருக்கும்.

நான் விஜி. நூம்பலில் அவள் மாவு மில்லை ஒட்டி ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருடமாக எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர். மோட்டாரைப் போட்டால் அந்தச் சுவர் அதிர்ந்து என் ஊசி டப்பா மேஜையில் தானாக நகரும். அவளுடைய அப்பா அம்மா இதே ஊரில் அடுத்தவர் கழனியில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்தக் கழனியில் இன்று நாலு மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. அங்கே குடியிருப்பவர்களின் அரிசியும் கோதுமையும்தான் இவள் கல்லில் அரைபடுகின்றன. அதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு, வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

மில் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. மேலே தானியம் கொட்டும் தகரத் தொட்டி. உள்ளே நேருக்கு நேர் இரண்டு வட்டக் கல், ஒன்று சுற்றும், ஒன்று சும்மா நிற்கும். இரண்டுக்கும் இடைவெளியைக் கூட்டிக் குறைக்க ஒரு கைச்சக்கரம். மாவு இறங்குவதற்கு ஒரு நீளத் துணிக்குழாய், அதை நான்தான் தைத்துக் கொடுப்பேன். தொட்டியில் தானியம் சிக்கினால் தட்டுவதற்கு ஒரு புளியங்கட்டை. இறங்கும் மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சக்கரத்தைக் கால் திருப்பு திருப்புவாள். அவள் அரைத்த மாவைச் சலிக்கவே வேண்டாம் என்று ஊரே சொல்லும்.

தொட்டியின் கழுத்தில் ஒரு காந்தம் கட்டியிருக்கும். பழைய லவுட் ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது, உள்ளங்கை அகலம். தானியத்தோடு வரும் ஊக்கு, ஸ்டேப்ளர் பின், ஆணி எல்லாம் கல்லுக்குள் போவதற்கு முன்னால் அதில் ஒட்டிக்கொள்ளும். ஆணிதான் அதிகம். தெருவழியாக மாவோ சோறோ எடுத்துப் போகும்போது காத்து கருப்பு அண்டாமல் இருக்க உள்ளே ஒரு இரும்புத் துண்டைப் போட்டு வைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். மாவு தீர்ந்த தூக்கில் அந்த ஆணி அப்படியே கிடக்கும், அதைக் கவனிக்காமல் மேலேயே அரிசியைக் கொட்டி எடுத்து வந்துவிடுவார்கள். "பேயி வருதோ இல்லியோ, ஆணி வந்துடுது" என்று தாட்சாயிணி திட்டிக்கொண்டே பிடுங்கிப் போடுவாள்.

மற்ற மில்லுக்காரர்கள் காந்தத்தை வாரத்துக்கு ஒருமுறை துடைத்தால் பெரிய விஷயம். இவள் ஒவ்வொரு அரைப்புக்கும் துடைப்பாள். காரணம் எனக்குத் தெரியும். அவள் மகள் சுவேதா ஒரு வயதில் ஊக்கை விழுங்கிவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரி பெஞ்சில் பதினோரு மணி நேரம், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அழுகிறாளா, வாயில் ரத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஊக்கு மூடியிருந்ததால் தானாக வெளியே வந்தது. சுவேதா இன்று அம்பத்தூரில் கம்பெனி வேலைக்குப் போகிறாள். அம்மாக்காரி மட்டும் அந்தப் பெஞ்சிலிருந்து இன்னும் எழுந்திருக்கவில்லை என்று எனக்குத் தோன்றும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு யார் பேரும் தெரியாது. பாத்திரத்தை வைத்துத்தான் ஆள். பச்சை மூடி, பெயிண்டு டப்பா, ஒடுங்கின குண்டான். ஒருநாள் கோயிலில் ஒரு அம்மாவைப் பார்த்து, "இதாரு, எங்கியோ பாத்த மாரி கீது" என்று என்னிடம் கேட்டாள். பத்து வருடமாக அவளிடம் ராகி அரைக்கிறவர். கையில் டப்பா இல்லாததால் அடையாளம் தெரியவில்லை. நான் அன்றைக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அதே விஷயம் ஒருநாள் எங்கள் இருவரையும் ஓட ஓட விரட்டும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

அரைக்க அரைக்கக் கல்லின் வரிகள் மழுங்கும். மாவு சூடாகி ஒருமாதிரி தீய்ந்த வாடை வரும். அப்போது கல்லைக் கழற்றி உளியால் வரி கொத்த வேண்டும். முன்பெல்லாம் திருநின்றவூரிலிருந்து ஒருவர் வருவார். ஒருமுறை இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று எட்டு நாள் காக்க வைத்தார். ஒன்பதாம் நாள் இவள் பாத்திரக்கடை பக்கத்து இரும்புக்கடைக்குப் போய் உளியும் சுத்தியும் வாங்கி வந்து தானே உட்கார்ந்துவிட்டாள். கோபத்தில் கற்றுக்கொண்ட தொழில். அதன்பிறகு நாற்பது நாளைக்கு ஒரு முறை அவளேதான் கொத்துகிறாள்.

அந்த வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குச் சுத்திச் சத்தம் கேட்டது. நான் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். நடுவில் சத்தம் நின்று "ஸ்ஸ்" என்றாள். எட்டிப் பார்த்தேன். இடது கட்டைவிரலுக்குக் கீழே சதையில் ரத்தம்.

"இன்னாக்கா?"

"ஒண்ணுமில்ல, கல்லு கீறிச்சு. ஒரு துண்டுத்துணி குடு."

லைனிங் துணியில் கிழித்துக் கொடுத்தேன். சுற்றிக் கட்டிக்கொண்டு மறுபடியும் கொத்த ஆரம்பித்தாள். கொத்தி முடித்த கல்லில் பொடி இருக்கும் என்பதால் முதலில் ரெண்டு கிலோ ரேஷன் அரிசியை ஓட்டி அந்த மாவைக் கோலத்துக்கு என்று தனியாக எடுத்து வைப்பாள். அன்றும் அப்படியே செய்தாள். பிறகு மூன்று பேருக்கு அரைத்துக் கொடுத்தாள். பத்தரை மணிக்குக் கரண்ட் போய்விட்டது.

பதினோரு மணி இருக்கும். "விஜி, கொஞ்சம் வாயேன்" என்று கூப்பிட்டாள். குரல் தாழ்ந்திருந்தது. அவள் தாழ்ந்த குரலில் பேசி நான் கேட்டதே இல்லை, அதனால் ஊசியைக்கூடத் துணியிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

சாமான்களைத் துடைத்து எடுத்து வைக்கும்போதுதான் பார்த்திருக்கிறாள். உளியின் முனையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். ஒரு மூலை இல்லை. அரை அரிசி அளவு இருக்கும்.

"தேஞ்சிருக்கும்க்கா."

"தேஞ்சா வழவழன்னு இருக்கும். இது ஒடஞ்சிருக்கு. தொட்டுப் பாரு, பிளேடு மாரி கீது. காலைல எடுக்கச்சொல்ல முழுசா இருந்துச்சு."

"சரி, காந்தம் புடிச்சிருக்குமே."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு உறைத்தது. காந்தம் மேலே, தொட்டிக் கழுத்தில் இருக்கிறது. உளி கொத்தியது கீழே, கல்லில். உடைந்த துண்டு கல்லின் வரியில் சிக்கியிருந்தால், அதைப் பிடிக்க அதற்கப்புறம் ஒன்றும் கிடையாது. நேராக மாவில்தான் இறங்கும்.

கல்லைக் கழற்றினாள். வரி வரியாக பிரஷ் போட்டுத் தேய்த்தாள். காந்தத்தை அவிழ்த்து வலது கையில் பிடித்துக்கொண்டு தரையெல்லாம் ஓட்டினாள். துணிக்குழாயை உதறினாள். கோல மாவைப் பழைய புடவையில் கொட்டி அங்குலம் அங்குலமாகக் காந்தத்தால் தடவினாள். ஒன்றும் இல்லை. அப்படியானால் மூன்று பேரில் ஒருவர் வீட்டில்.

முதல் ஆள் முனையில் பஜ்ஜிக் கடை போடும் மோகன், கடலை மாவு. ஓடினோம். மதியம்தான் அடுப்பு பற்ற வைப்பான், மாவைத் தொடவே இல்லை. டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தோம். இல்லை. இரண்டாவது "பச்சை மூடி" என்றாள். என்னிடம் ஜாக்கெட் தைக்கும் வீடுதான், வேலப்பஞ்சாவடி அய்யாசாமி, கோதுமை. என் ஸ்கூட்டியில் போனோம். அவர் பெண்சாதி தாயம்மா மாவைச் சலித்து வைத்திருந்தார், சலித்த தவிட்டையும் பார்த்தோம். இல்லை.

"மூணாவது யாருக்கா?"

தாட்சாயிணி ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "புள்ளைக் கஞ்சி" என்றாள். "பச்சரிசி, பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை வறுத்தது. கைக்கொழந்தைக்கு."

 அரை அரிசி அளவு, பிளேடு மாதிரி, கஞ்சியில், பல் முளைக்காத வாயில்.  

"யாரு அந்தப் பொண்ணு? எங்க கீது?"

"தெரியாதே விஜி." அழுதுவிடுவாள் போலிருந்தது. "மூணு தபா வந்திருக்கும். பேரு கேட்டதில்ல. எவர்சில்வர் தூக்கு, மூடில வளையம். பேரு வெட்டிருக்கும். சி. திருவேங்கடம், கொரட்டூர்."

அதைப் பிடித்துக்கொண்டோம். பேரும் ஊரும் இருக்கிறதே, இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தோம். தூக்கில் வெட்டியிருப்பது யார் பேர், கொரட்டூரிலிருந்து நூம்பலுக்கு யார் மாவரைக்க வருவார்கள் என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் ரெண்டு மணி நேரம் மிச்சமாகியிருக்கும். பயத்தில் யாருக்கு யோசனை ஓடுகிறது. உளியைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் ஏறினாள். வானகரம் ரோடு, அம்பத்தூர் எஸ்டேட், லாரி, புழுதி. வழி நெடுக அவள் மூச்சு என் முதுகில் பட்டுக்கொண்டே வந்தது. "பன்னெண்டு மணி ஆவுதா? புள்ளைங்களுக்குப் பன்னெண்டு மணிக்குத்தான் கஞ்சி குடுப்பாங்க" என்று ஒருமுறை சொன்னாள். நான் மணி பார்க்கவில்லை.

கொரட்டூரில் ஏரிப்பக்கம் விசாரித்து விசாரித்துத் திருவேங்கடத்தின் வீட்டைக் கண்டுபிடிக்கும்போது பன்னிரண்டரை. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, நெற்றியில் நாமம். நாங்கள் மாவும் வியர்வையுமாக நிற்பதைப் பார்த்து முதலில் நன்கொடைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்தார்.

"நைனா, உங்க ஊட்டுல கைக்கொழந்த கீதா?" என்றாள் தாட்சாயிணி எடுத்த எடுப்பில்.

"என் வயசுக்கு இன்னாம்மா கேள்வி இது" என்று அவர் சிரித்தார். அந்த மனுஷனை அந்த நிமிடம் உலுக்க வேண்டும் போல எனக்கு இருந்தது. தூக்கைப் பற்றிச் சொன்னோம்.

"எவர்சில்வர், மூடில வளையமா? அது நான் கல்யாணத்துக்கு வெச்சதும்மா. நமக்கு வர்ற பத்திரிகைக்குக் கணக்கு வழக்கே இல்ல. அதான் ஒரே ரகமா பன்னெண்டு தூக்கு மொத்தமா எடுத்து, ஒரே நாள்ல பேரு வெட்டி வெச்சுட்டேன். எல்லாம் குடுத்தாச்சு. எந்தக் கல்யாணம்னு சொல்லு."

தாட்சாயிணி அப்படியே அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நம் வீட்டுப் பாத்திரத்தில் நம் பேரா இருக்கிறது? என் வீட்டுக் குடத்தில் என் சின்ன மாமனார் பேர், தட்டில் புருஷனின் சிநேகிதன் பேர். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பன்னிரண்டு கிலோமீட்டர் வந்திருக்கிறோம்.

விஷயத்தைச் சொன்னதும் பெரியவர் முகம் மாறிவிட்டது. கல்யாணப் பத்திரிகைகளை ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார், அதை இறக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றாகத் தள்ளினார். இது வேலூர். இது பெங்களூர். இவங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை. கடைசியில் இரண்டு நின்றன. அம்பத்தூர் தேவிப்பிரியாவுக்கு போன் போட்டார். அவள் தூக்கு பரணில் இருக்கிறது, மூடியைக்கூடத் திறக்கவில்லை என்றாள். மிச்சம் ஒன்று.

"கோபி, லாவண்யா. ஆவடி. பையன் பேக்டரில கீறான். அவன் அம்மா கன்னியம்மா எங்களுக்குத் தூரத்து ஒறவு." போன் போட்டார். கன்னியம்மா வீட்டில் மணி அடித்து அடித்து நின்றது. கோபிக்குப் போட்டார், அணைத்து வைத்திருந்தது. அந்த பேக்டரியில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

விலாசம் வாங்கிக்கொண்டு ஆவடிக்குப் போனோம். வேகமாக ஓட்டத் தெரியாதவள் நான், அன்று பஸ்ஸை எல்லாம் முந்தினேன். கன்னியம்மாள் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது.

"என் பேரனுக்கு இன்னா?"

"ஒண்ணுமில்லம்மா. புள்ள எங்க? உள்ள கீதா?"

"அவங்க இங்க இல்லியே. ஊடு மாத்திகினு போயி நாலு மாசம் ஆவுது. நூம்பல்ல, மாவு மில்லுக்குப் பின்னாடி புதுசா கட்னாங்களே, அந்த பில்டிங்கு, ரெண்டாவது மாடி." பிறகு எங்கள் புடவையில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தார். "அங்க ஒரு பொம்பள வெண்ண மாரி அரைக்கிதாம். சலிக்கக்கூட வேணாம், அப்டியே புள்ளைக்குக் கலக்கிக் குடுக்கலாம்னு சொல்லும் என் மருமவ."

தாட்சாயிணியின் கை என் தோளை இறுக்கியது. அவளுக்குக் கிடைத்த பாராட்டிலேயே மோசமான பாராட்டு அதுதான். சலிக்க வேண்டாம் என்று ஊர் சொல்லும்போதெல்லாம் உள்ளுக்குள் குளிர்ந்து போனவள், அந்தக் குளிர்ச்சிக்கெல்லாம் சேர்த்து அன்று தண்டனை அனுபவித்தாள்.

கன்னியம்மாள் லாவண்யாவுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. "புள்ள தூங்கினா சத்தத்த அமுக்கி வெச்சுடும்" என்றார். தூங்குகிறதா, இல்லை ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்களா? மூன்று பேருமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பருத்திப்பட்டு வழியாகத் திரும்பினோம். எங்கள் தெருவுக்கே, மில்லுக்குப் பின்னால், என் கடை ஜன்னலைத் திறந்தால் தெரியும் கட்டடத்துக்கு. அங்கே ஏதோ ஒரு குழந்தை அழுவதைத் தினமும் கேட்டுக்கொண்டுதான் நான் துணி வெட்டுகிறேன்.

படியேறும்போது தாட்சாயிணி சொன்னாள்: "அழுவுற சத்தம் கேக்குதா பாரு. அழுதா நல்லதா கெட்டதா, எனக்கே தெரியல விஜி." சத்தமே கேட்கவில்லை.

கதவைத் திறந்தது இருபத்தைந்து வயதுப் பெண். வாயில் விரலை வைத்து மெதுவாக என்று காட்டினாள். தொட்டிலில் எட்டு மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பேர் விஷால் என்று பிற்பாடு தெரிந்துகொண்டோம்.

"கஞ்சி குடுத்துட்டியாம்மா?"

"பன்னெண்டு மணிக்கே குடுத்தாச்சுக்கா. முழுசும் குடிச்சுட்டான். இன்னா விஷயம்?"

நான் ஏதாவது பூசி மெழுகலாம் என்று வாயைத் திறந்தேன். தாட்சாயிணி என்னைத் தள்ளிவிட்டு நேராகச் சொன்னாள். உளி உடைந்தது, துண்டைக் காணோம், மற்ற இடத்தில் எல்லாம் தேடியாயிற்று, உன் மாவு ஒன்றுதான் பாக்கி. லாவண்யா முதலில் புரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தொட்டிலைப் பார்த்தாள். பிறகு எங்களை.

"சலிச்சியாம்மா?"

"நீங்க அரைச்சதாச்சேக்கா."

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். தாட்சாயிணியின் முகம் தொங்கிப்போயிற்று.

தூக்கை வாங்கித் தரையில் பேப்பர் விரித்து மாவைக் கொட்டினோம். தாட்சாயிணி மண்டியிட்டு, காந்தத்தை வலது கையில் பிடித்து மாவுக்குள் மெல்ல இழுத்தாள். அரை அடி போயிருக்காது. டக் என்று ஒரு சத்தம்.

 காந்தத்தைத் தூக்கினாள். மாவு உதிர்ந்தது. ஒட்டியிருந்தது ஒரு ஒன்றரை அங்குல ஆணி.

"அது நான் போட்டதுக்கா" என்றாள் லாவண்யா.  "மில்லுலேர்ந்து வரச்சொல்ல அரச மரத்தாண்ட வரணுமே, புள்ள குடிக்கிற மாவு, காத்து கருப்பு படக்கூடாதுன்னு... இரும்பு இருந்தா ஒண்ணும் ஆவாதுன்னு எங்க அத்த சொன்னாங்க."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மிச்ச மாவையும் தேடினோம். இரண்டு முறை. வேறு ஒன்றும் இல்லை. கஞ்சி காய்ச்சின பாத்திரம், ஸ்பூன், தட்டு எல்லாம் கழுவியாகிவிட்டது. தேட வேறு இடம் இல்லை, அந்தத் தொட்டிலைத் தவிர.

"அப்ப என் புள்ள வயித்துலியா கீது?" என்றாள் லாவண்யா. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"கெளம்பு" என்றாள் தாட்சாயிணி. "படம் எடுத்துப் பாத்துடலாம். நான் வர்றேன். எத்தினி மணி நேரம் ஆனாலும் நான் கூடவே உக்காருறேன்." அந்தப் பெஞ்சு அவள் கண்ணில் தெரிந்ததை நான் பார்த்தேன். சுவேதாவுக்காக உட்கார்ந்த அதே பெஞ்சு, இப்போது அடுத்தவள் பிள்ளைக்காக, அதுவும் தன் கையால் வந்த வினைக்கு.

லாவண்யாவுக்குக் கை ஓடவில்லை. பையை எடுக்கிறாள், வைக்கிறாள். தாட்சாயிணியே குழந்தையைத் தூக்கி வலது தோளில் போட்டுக்கொண்டாள். அது சிணுங்கிவிட்டு அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அப்படியே குனிந்து, தரையில் கிடந்த காந்தத்தை இடது கையால் எடுத்தாள்.

"ஆ" என்றாள்.  "கட்டுப் போட்ட எடத்துல, உள்ள இன்னாமோ இழுக்குது."

வேகமாகக் கையை உதறினாள், காந்தம் விழுந்தது. துணியில் புதிதாக ரத்தம் ஊறியது. நாங்கள் மூவரும் அந்தக் கையையே பார்த்தோம். மெதுவாக, தானே நம்பாதவள் போல, காந்தத்தை எடுத்துக் கொடு என்று எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் லைனிங் துணியை அவிழ்த்துவிட்டுக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன். கட்டைவிரலுக்குக் கீழே, காலையில் கல் கீறியதாகச் சொன்ன இடத்தில், தோல் ஒரு மொட்டுப்போல் எழும்பியது.

தையல்காரி இடுப்பில் எப்போதும் இன்னொரு ஊசி இருக்கும். அடுப்பில் காட்டிவிட்டுக் கீறினேன். குழந்தையை லாவண்யா வாங்கிக்கொண்டாள். தாட்சாயிணி முனகக்கூட இல்லை, இன்னும் ஆழமாகப் போ என்றாள். மூன்றாவது முறை ஊசி நுனியில் நறுக்கென்று தட்டியது. வெளியே எடுத்ததை உளியின் உடைந்த மூலையில் வைத்துப் பார்த்தோம். சரியாகப் பொருந்தியது.

ஆறு மணியிலிருந்து அவள் கையிலேயே இருந்திருக்கிறது. கொரட்டூருக்கும் ஆவடிக்கும் அதையும் சேர்த்துத்தான் என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறோம்.

லாவண்யா குழந்தையைத் தொட்டிலில் போட்டாள். திரும்பி வந்து தாட்சாயிணியின் தோளில் அடித்தாள், ஒரு அடி, இரண்டு அடி, அப்புறம் எண்ணவில்லை, அடித்துக்கொண்டே அழுதாள். தாட்சாயிணி தடுக்கவில்லை. தரையில் மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் அழுதாள். "இனிமே சலிச்சுட்டுக் குடு தாயி. நான் அரைச்சதுன்னு நம்பாத. யாரு அரைச்சாலும் நம்பாத" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாள் மில் திறக்கவில்லை. அதற்கு மறுநாள் திறந்தபோது துணிக்குழாயின் வாயில் இன்னொரு காந்தம் தொங்கியது. அதற்கு என்னிடம் பை தைத்து வாங்கிக்கொண்டாள். வருகிறவர்களிடம் எல்லாம் பேர் கேட்டு மூடியில் சாக்பீஸால் எழுதினாள். நான் அரிசி கொண்டுபோனபோது, "பேரு?" என்றாள்.

"இன்னாக்கா, விஜி."

"எந்த ஊடு?"

பத்தொன்பது வருடம் ஒரே சுவர். ஆனால் அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. சொன்னேன், எழுதிக்கொண்டாள்.

லாவண்யா இனி வர மாட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். பன்னிரண்டாம் நாள், மாவு தீர்ந்ததும் வந்தாள், இடுப்பில் குழந்தை, கையில் அதே தூக்கு. நான் தையலை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தேன். தாட்சாயிணி தூக்கைத் திறந்தாள். அரிசிக்கு மேலே அந்த ஆணி கிடந்தது.

எப்போதும்போல் திட்டுவாள் என்று பார்த்தேன். ஆணியை எடுத்து, முந்தானையில் துடைத்து, ஓரமாக வைத்தாள். அரைத்தாள். மாவை அங்கேயே சலித்தாள், இரண்டு காந்தத்தையும் எடுத்துப் பார்த்தாள், தூக்கில் கொட்டினாள். மூடப் போனவள் நின்றாள். பிறகு அந்த ஆணியை எடுத்துத் தன் கையாலேயே மாவின் மேல் வைத்து, மூடியை அழுத்தி மூடி, லாவண்யாவிடம் கொடுத்தாள்.

"அரச மரத்தாண்ட பாத்துப் போ" என்றாள்.